உறவுக்கு இரண்டு முனை: இயந்திரம் படிக்கும் உறவுத் தகவலும் தனியுரிமையும்

"இவர் என் நண்பர்" என்று ஒரு வலைப்பக்கத்தில் எழுதலாம். அதே பக்கத்தில் அவருடைய தளத்துக்கு இணைப்பு கொடுத்து, இணைப்பின் உறவைச் சொல்லும் 'ரெல்' (rel) பண்பில் 'ஃபிரண்ட்' (friend) என்று குறிக்கவும் செய்யலாம். படிப்பவர் மனிதராக இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். நிரல் படிக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. வாக்கியத்தில் வரும் 'இவர்' யார், நண்பர் என்றது உபசாரத்துக்கா உண்மையாகவா, எப்போது சொன்னது என்பதையெல்லாம் நிரல் ஊகித்தாக வேண்டும். குறியில் ஊகிக்க எதுவும் இல்லை. யார், யாருக்கு, என்ன உறவு என்ற மூன்றும் தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த மூன்றும் கிடைத்தால் போதும். பல கோடிப் பக்கங்களிலிருந்து ஒரே வடிவத்தில் திரட்டி, ஒன்றோடொன்று கோத்து, வலையாக்கிவிடலாம். அந்த வலையில் ஒவ்வொரு மனிதரும் ஒரு கணு, ஒவ்வொரு உறவும் இரண்டு கணுக்களுக்கு இடையே ஒரு கோடு. சிக்கலின் வேர் இந்தக் கோட்டில் இருக்கிறது. பிறந்த தேதியை வெளியிடுவதா வேண்டாமா என்பதை அந்தத் தேதிக்கு உரியவரே முடிவு செய்துகொள்ளலாம். கோட்டுக்கு இரண்டு முனை உண்டு. வெளியிடுபவர் ஒரு முனையில் நிற்கிறார். மறுமுனையில் நிற்பவரை யாரும் கேட்பதில்லை. இதுவரை வந்த வடிவங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்கின.

எங்கெல்லாம் எழுதப்படுகிறது

2000-இல் டான் பிரிக்லியும் லிபி மில்லரும் தொடங்கிய ஃபோஃப் திட்டம் இந்தத் துறையின் முன்னோடி. 'நண்பரின் நண்பர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஒருவர் தன்னைப் பற்றிய சிறு கோப்பைத் தன் தளத்தில் வைப்பார். பெயர், மின்னஞ்சல், முகப்புப் பக்கம், தனக்குத் தெரிந்தவர்கள், அவர்களுடைய கோப்புகள் இருக்கும் முகவரி ஆகியவை அதில் இருக்கும். தொகுக்கும் நிரல் ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்குத் தாவிக்கொண்டே போகும். 'தெரியும்' என்ற உறவை ஃபோஃப் வேண்டுமென்றே மங்கலாக வைத்தது. நெருங்கிய தோழரா, ஒருமுறை பேசியவரா என்று அது பிரிப்பதில்லை. தனியுரிமையின் நோக்கில் அது நல்ல முடிவு. ஆனால் அந்த மங்கல் பிடிக்காதவர்கள் பின்னர் 'ரிலேஷன்ஷிப்' என்றொரு துணைச் சொற்றொகுதியை உருவாக்கினார்கள். அதில் பெற்றோர், உடன்பிறந்தோர், மணம் நிச்சயிக்கப்பட்டவர் ஆகியோரோடு, தொடர்பு விட்டுப்போனவர், சந்திக்க விரும்பப்படுபவர், எதிரி என்ற வகைகளும் இடம்பெற்றன.

2003 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்என் இன்னும் எளிது. தனிக் கோப்பு எதுவும் தேவையில்லை, சாதாரண இணைப்பிலேயே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அறிமுகமானவர், நண்பர், நேரில் சந்தித்தவர், உடன் பணிபுரிபவர், ஒரே வீட்டில் வசிப்பவர், பக்கத்து வீட்டார், பிள்ளை, பெற்றோர், துணைவர், காதலர் என்று நீளும் பட்டியல் அது. எதிர்மறை உறவுகளை அதை வகுத்தவர்கள் தெரிந்தே விட்டுவிட்டார்கள். தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தன் இணைப்பு மேலாளரில் இவற்றைத் தேர்வுப் பெட்டிகளாகக் கொடுத்ததால், குறிநிரல் அறியாத பலரும் தங்கள் பக்கத்தில் இவற்றைப் பதித்தார்கள். 2012 டிசம்பரில் வந்த 3.5 பதிப்பிலிருந்து புதிய தளங்களில் அந்த மேலாளர் மறைக்கப்பட்டுவிட்டது. பழைய தளங்களில் பல இன்றும் அந்தக் குறிகளைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

இவை தூசி படிந்த பழைய வடிவங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே பட்டியல் 2011-இல் தொடர்பு அட்டைக்கான விகார்டு 4.0 தரத்துக்குள் வந்தது. அதோடு அவசரகாலத் தொடர்பு, முகவர் என்ற இரண்டும் சேர்ந்தன. அதே ஆண்டு ஜூனில் தேடுபொறி நிறுவனங்கள் கூட்டாகத் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க்கில் 'நபர்' என்ற வகைக்குத் துணைவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், சக பணியாளர், தெரிந்தவர் என்ற பண்புகள் உண்டு. இன்று பல தளங்களின் மூலத்தில், நிரல்கள் படிப்பதற்கென்றே எழுதப்படும் ஜேசன்-எல்டி துண்டாக இருப்பது இதுதான். விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கிதரவில் துணைவருக்கு பி26, பிள்ளைக்கு பி40, உடன்பிறந்தோருக்கு பி3373 என்று எண்ணே இருக்கிறது.

குடும்ப மர மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் ஜெட்காம் கோப்பு 1984-இலிருந்து புழக்கத்தில் உள்ளது. ஒரே கோப்பில் நூற்றுக்கணக்கானவர்களின் பிறப்பு, மணம், பெற்றோர் விவரம் அடங்கிவிடும். சம்மதம் கேட்கப்பட்டவர் எண்ணிக்கைக்கும் கேட்கப்படாதவர் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளி இந்த வடிவத்தில்தான் மிகப் பெரிது.

தெரியாமலே பதிவாகும் இடங்களும் உண்டு. பிஜிபி என்ற மின்னஞ்சல் குறியாக்கத்தைப் பயன்படுத்துபவர்கள், பெரும்பாலும் மாநாடுகளில் சந்திக்கும்போது, ஒருவரின் மின்னணுச் சாவியில் மற்றவர் கையொப்பமிடுவார்கள். அந்தக் கையொப்பம் 'இவரை நான் சரிபார்த்தேன்' என்ற அறிக்கை. தேதியோடு இருக்கும். சாவிகளைச் சேமித்துத் தரும் பழைய வழங்கிகளில் சேர்க்க மட்டுமே முடியும், நீக்க முடியாது. அதனால் எந்த ஆண்டு எந்த மாநாட்டில் யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற வரைபடம் பல ஆண்டுகளாகப் பொதுவெளியில் நின்றது. 2019-இல் தொடங்கிய கீஸ்.ஓப்பன்பிஜிபி.ஆர்க் வழங்கி, பிறருடைய கையொப்பங்களை நீக்கிவிட்டே சாவியைத் தருகிறது. மின்னஞ்சலையும் உரியவர் உறுதிசெய்த பிறகே காட்டுகிறது. தாமதமானாலும் சரியான திருத்தம்.

ஒட்டுவது எது

உறவுச் சொல் மட்டும் தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்வது அதோடு வரும் அடையாளங்காட்டி. ஒரு தளத்தில் உள்ள கணுவும் இன்னொரு தளத்தில் உள்ள கணுவும் ஒரே ஆள்தான் என்று நிரலுக்கு உறுதிசெய்து கொடுப்பது அதுவே. ஃபோஃப் இதற்கு ஒரு தர்க்க விதியே வைத்திருந்தது: ஒரே மின்னஞ்சல் அல்லது ஒரே முகப்புப் பக்கம் கொண்ட இரண்டு பதிவுகள் ஒரே ஆளைக் குறிக்கும், எனவே அவற்றை ஒட்டிவிடலாம். பொழுதுபோக்குத் தளத்தில் புனைபெயரில் இருந்தவரையும் அலுவலகப் பக்கத்தில் சொந்தப் பெயரில் இருந்தவரையும் இந்த விதி ஒரே நொடியில் ஒருவராக்கிவிடும். இந்தத் தொடர்பை அவர் எங்குமே எழுதியிருக்க வேண்டியதில்லை. இரண்டு இடத்தையும் அறிந்த ஒரு நண்பரின் கோப்பு போதும்.

இந்த ஒட்டுதல் பிழையாகவும் நடக்கும். கணவனும் மனைவியும் ஒரே மின்னஞ்சல் பெட்டியைப் பயன்படுத்தினால் தொகுக்கும் நிரல் இருவரையும் ஒருவராக்கிவிடும். பிறகு அந்த ஆள் தனக்குத்தானே துணைவர் என்ற பதிவு மிஞ்சும். ஊழியர்கள் தங்கள் முகப்புப் பக்கமாக நிறுவனத்தின் தளத்தைக் கொடுத்தால் அத்தனை பேரும் ஒரே கணுவாகச் சுருங்குவார்கள். ஒருவரின் நண்பர்கள் எல்லாருக்கும் நண்பர்களாவார்கள். இதைப் படித்து முடிவெடுக்கும் அடுத்த நிரலுக்கு இது பிழை என்று தெரிய வழியில்லை. பிழையான உறவுத் தகவல், இல்லாத உறவுத் தகவலைவிட ஆபத்தானது. அது யார் மீது விழுகிறதோ அவருக்கு அப்படியொரு பதிவு இருப்பதே தெரியாது.

மின்னஞ்சலை மறைக்க ஃபோஃப் தந்த வழி, அதன் ஷா-1 ஹாஷை, அதாவது மின்னஞ்சலிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் புரியாத சரத்தை, வெளியிடுவது. 40 எழுத்துச் சரமாக இருப்பதால் பலரும் அதைப் பாதுகாப்பானது என்றே நம்பினார்கள். எரிதம் (வேண்டாத விளம்பர அஞ்சல்) அனுப்புபவர்கள் முகவரியை எளிதாக அள்ளாமல் தடுக்க அது உதவியது. ஆளை மறைக்க உதவாது. ஒரே மின்னஞ்சல் எப்போதும் ஒரே ஹாஷைத் தரும் என்பதால் ஒட்டும் வேலையை அது தங்குதடையில்லாமல் செய்யும். முகவரியையும் கண்டுபிடித்துவிடலாம். பெயர், பிறந்த ஆண்டு, புகழ்பெற்ற சில மின்னஞ்சல் சேவைகள் இவற்றைச் சேர்த்து ஊகங்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்கு நூறு கோடிக்கும் அதிகமான ஷா-1 கணக்குகளைச் செய்யும். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணில் இருக்கக்கூடியவை மொத்தமே ஆயிரம் கோடி. அத்தனையையும் சோதிக்கப் பத்து நொடி போதும்.

மறுமொழி எழுதுபவர்களின் படங்களைக் காட்டும் கிராவதார் சேவை, அவற்றைத் தேட மின்னஞ்சலின் எம்டி5 என்ற இன்னொரு வகை ஹாஷைப் பயன்படுத்திவந்தது. 2020-இல் அதிலிருந்து 16.7 கோடிக் கணக்குகளின் விவரம் திரட்டப்பட்டது. அவற்றில் 11.4 கோடி ஹாஷ்கள் உடைக்கப்பட்டு மின்னஞ்சல்கள் வெளியாயின. 'ஹாஷ் செய்துதான் வெளியிடுகிறோம்' என்று யாராவது உறுதி சொன்னால் இந்த எண்களை நினைவில் கொள்வது நல்லது.

'நானே' என்று பொருள்படும் 'ரெல்-மீ' பண்பும் ஒட்டும் கருவிதான். ஆனால் அதில் ஒருவர் தன்னைப் பற்றியே சொல்கிறார். சமூக வலையான மாஸ்டடான் தன் பயனர்களின் தளத்தை உறுதிசெய்ய இதையே பயன்படுத்துகிறது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சுட்டினால்தான் சரிபார்ப்புக் குறி தோன்றும். இருபக்கச் சம்மதம் என்ற கருத்து இந்தத் துறையில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே இடம் இது என்றே சொல்லலாம். அதிலும் ஒரு கவனம் வேண்டும். அ தளம் ஆ தளத்தையும், ஆ தளம் இ தளத்தையும் 'நானே' என்று சுட்டினால், அ-வும் இ-யும் ஒரே ஆள் என்பது தானாகவே வெளிப்பட்டுவிடும். 2008 பிப்ரவரியில் கூகுள் வெளியிட்ட சோஷியல் கிராஃப் ஏபிஐ என்ற நிரல் இடைமுகம், இணையம் முழுதும் இருந்த எக்ஸ்எஃப்என், ஃபோஃப் குறிகளைத் திரட்டி இப்படிச் சங்கிலியாகக் கோத்து யார் கேட்டாலும் கொடுத்தது. 2012 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அது படித்த பக்கங்கள் எதையும் அந்த மூடுதல் மாற்றிவிடவில்லை.

எழுதாததும் தெரிந்துவிடும்

தன்னைப் பற்றி எதுவும் வெளியிடாதவரைப் பற்றியும் வலை பேசும். 2007-இல் எம்ஐடி மாணவர்கள் இருவர் ஃபேஸ்புக் நட்புப் பட்டியல்களை ஆராய்ந்தார்கள். தங்கள் பாலீர்ப்பு எது என்று குறிப்பிடாத ஆண்களின் பாலீர்ப்பை, அவர்களுடைய நண்பர்கள் வெளியிட்ட விவரத்திலிருந்தே ஊகிக்க முடிந்தது. 2009-இல் அது ஆய்விதழில் வெளியானது. ஒத்தவர்கள் ஒத்தவர்களோடு சேர்வார்கள் என்ற பழைய உண்மைதான் அடிப்படை. ஆனால் அதைக் கணக்கிட நட்புக் கோடுகள் ஒழுங்கான வடிவில் கிடைக்க வேண்டும்.

யார் துணைவர் என்பதை வலையின் வடிவத்திலிருந்தே கண்டுபிடிக்கும் முறையும் வந்துவிட்டது. பொதுவான நண்பர்கள் மிக அதிகம் உள்ளவரே நெருங்கியவர் என்று நினைப்போம். அது தவறான அளவுகோல், உடன் படித்த கூட்டத்தையே அது சுட்டிக்காட்டும். துணைவருக்கு வேறொரு அடையாளம் உண்டு. அவர் அலுவலகத்தில் ஒருவரையும், கல்லூரியில் ஒருவரையும், உறவினரில் ஒருவரையும் தெரிந்து வைத்திருப்பார். அந்த மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இந்தச் சிதறலைக் கணக்கிட்டு, உறவு நிலையை வெளியிட்டிருந்த 13 லட்சம் ஃபேஸ்புக் பயனர்களிடம் லார்ஸ் பேக்ஸ்ட்ராமும் ஜான் கிளைன்பெர்கும் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் ஊகமே சரியாக அமைந்தது. பொது நண்பர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கால்வாசிதான் சரி. 'தெரியும்' என்ற மங்கலான சொல்லை மட்டும் பயன்படுத்தினால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கையை இது தளர்த்துகிறது. கோடுகள் முழுமையாகக் கிடைத்தால், கோட்டின் பெயர் தேவைப்படுவதே இல்லை.

பெயர்களை நீக்கிவிட்டு வலையை மட்டும் வெளியிடுவதும் காப்பாற்றாது. 2009-இல் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் பெயர் நீக்கப்பட்ட ட்விட்டர் வலையை ஃப்ளிக்கர் வலையோடு பொருத்திப் பார்த்தார்கள். இரண்டிலும் கணக்கு உள்ளவர்கள் என்று உறுதிசெய்ய முடிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரைக் கோடுகளின் அமைப்பை மட்டும் கொண்டு அடையாளம் கண்டார்கள். பிழை 12 சதவீதம். ஒருவரைச் சுற்றியுள்ள கோடுகளின் அமைப்பு கைரேகை போல அவருக்கே உரியது.

மறுமுனையின் சம்மதம் இல்லாமல் தரவு எவ்வளவு பெருகும் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தைவிடத் தெளிவான கணக்கு இல்லை. அந்த அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் தரவு போய்ச் சேர்ந்த செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2.7 லட்சம் பேர். நண்பர்களின் விவரத்தையும் அள்ள அன்றைய ஃபேஸ்புக் இடைமுகம் அனுமதித்ததால் பாதிக்கப்பட்டவர்கள் 8.7 கோடி வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே மதிப்பிட்டது. ஒருவர் 'சரி' சொன்னதற்கு 320 பேருக்கு மேல் உள்ளே இழுக்கப்பட்டார்கள்.

நீக்குவதும் ஒரு செய்தி

மனிதர்கள் ஒரு பக்கத்தை அன்றைய நிலையில் பார்ப்பார்கள். திரட்டும் நிரல் மார்ச்சில் ஒரு பிரதி, ஜூனில் ஒரு பிரதி என்று வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடும். மார்ச்சில் 'துணைவர்' என்ற வரி இருந்து ஜூனில் இல்லையென்றால், ஒரு மணமுறிவை யாரும் அறிவிக்காமலே அது தெரிந்துகொள்ளும். வாக்கியமாக எழுதியிருந்தால் பக்கத்தைத் திருத்தி எழுதியதாகக் கருத இடமுண்டு. குறிப்பிட்ட புலம் காலியானால் வேறு விளக்கத்துக்கு இடமில்லை. சக பணியாளர் மாறுவது வேலை போனதைச் சொல்லும். நண்பர் பட்டியலில் ஒரே வாரத்தில் பத்துப் பேர் மறைவது ஒரு பிளவைச் சொல்லும்.

பழைய பிரதி எங்கே இருக்கும்? இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். வலைப்பக்கங்களை அள்ளி வெளியிடும் காமன் கிரால் திரட்டில் இருக்கலாம். அந்தத் திரட்டிலிருந்து ஜேசன்-எல்டி, மைக்ரோஃபார்மட், எக்ஸ்எஃப்என் குறிகளை மட்டும் பிரித்தெடுத்துத் தரும் வெப் டேட்டா காமன்ஸ் போன்ற ஆய்வுத் தொகுப்புகளிலும் இருக்கலாம். அங்கே பக்கத்தின் மற்ற எழுத்தெல்லாம் உதிர்ந்து, உறவுக் குறி மட்டும் தனியே நிற்கும். சூழலோடு சேர்த்துப் படித்தால் விளையாட்டாகச் சொன்னது என்று தெரியும் ஒன்று, அங்கே வறட்டு உண்மையாகிவிடும்.

திரட்டும் நிரல்கள் பார்க்கவென்று தளத்தில் வைக்கும் 'ரோபோட்ஸ்' கோப்பில் தடை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. மதிக்கிற நிரல் மதிக்கும். மதிக்காததைத் தடுக்கும் பூட்டு அதில் இல்லை.

பரவலாக்கப்பட்ட சமூக வலைகளில் இது இன்னும் கூர்மையாகிறது. ப்ளூஸ்கையின் நெறிமுறையில் ஒருவரைப் பின்தொடர்வது பயனரின் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் நேரக் குறிப்போடு எழுதப்படும் ஒரு பதிவு. ஒருவரைத் தடுப்பதும் அப்படியே பொதுப் பதிவு. யார் யாரைத் தடுத்தார் என்பதை எந்த நிரலும் வாசிக்கலாம். தொல்லை கொடுப்பவரிடமிருந்து விலக ஒருவர் தடுப்பை அழுத்துகிறார். அந்தத் தடுப்பே அவர்களுக்குள் ஏதோ இருந்தது என்று உலகுக்குச் சொல்லிவிடுகிறது. எக்ஸ்எஃப்என் எதிர்மறைச் சொற்களைத் தவிர்த்ததன் அருமை இங்கே புரியும். மாஸ்டடான் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் தரத்தில் பின்தொடர்வோர் பட்டியலை வடிகட்டிக் காட்ட இடம் இருக்கிறது. பட்டியலை மறைக்கும்படி அமைத்தால் எண்ணிக்கை மட்டும் வெளியே தெரியும். அப்போதும் பொதுவில் எழுதும் மறுமொழிகள் யாரோடு பேசுகிறோம் என்பதைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இந்தக் கேள்வியை வெகு காலத்துக்கு முன்பே சந்தித்துவிட்டது. சுவீடனில் ஒரு தேவாலய ஊழியர் தன் பக்கத்தில் சக ஊழியர்கள் 18 பேரைப் பற்றிச் சிறு குறிப்புகள் எழுதினார். ஒருவருக்குக் காலில் அடிபட்டு அரைநேர விடுப்பில் இருக்கிறார் என்பதும் அதில் இருந்தது. தீய எண்ணம் ஏதுமில்லை. இது தனிப்பட்ட, வீட்டளவிலான செயல், சட்டம் பொருந்தாது என்பது வாதம். லிண்ட்க்விஸ்ட் வழக்கு என்று அறியப்படும் இதில் 2003 நவம்பர் 6 அன்று வந்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. எண்ணிலடங்காதவர்கள் அணுகும்படி இணையத்தில் வைத்த பிறகு அது வீட்டு விஷயம் ஆகாது. தன் தளத்தில் நண்பர் பட்டியலை வைக்கும் தனிமனிதரையும் இந்தத் தர்க்கம் தொடும்.

2022 ஆகஸ்ட் 1 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு, உறவுத் தகவலுக்கு இன்னும் நெருக்கமானது. பொது நிதி பெறும் அமைப்பின் தலைவர் தன் நலன் சார்ந்த அறிக்கையை வெளியிட வேண்டும் என்ற லிதுவேனியச் சட்டத்தைப் பற்றிய வழக்கு அது. துணைவர் பெயரை இணையத்தில் போடுவது அறிக்கை தருபவரின் பாலீர்ப்பை மறைமுகமாக வெளிப்படுத்தக்கூடும். எனவே அது சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவு வகையில் வரும் என்றது நீதிமன்றம். ஒரு பெயரும் ஓர் உறவுச் சொல்லும் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு தகவல் பிறக்கிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் இது.

தவறு பெரும்பாலும் பயனர் எதையும் மாற்றாதபோது இருக்கும் இயல்பிருப்பு அமைப்பில்தான் தொடங்குகிறது. 2010 பிப்ரவரியில் வந்த கூகுள் பஸ், ஒருவர் அதிகம் மின்னஞ்சல் பரிமாறியவர்களைத் தானாகவே பின்தொடரச் செய்து, அந்தப் பட்டியல் பொதுவில் தெரியும்படியும் விட்டது. மருத்துவரோடும் வழக்கறிஞரோடும் நாம் அதிகம் கடிதம் பரிமாறுவோம். அவர்களை நண்பர் என்று யாரிடமும் அறிவிப்பதில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2011-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்த நிறுவனம் 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமைத் தணிக்கைக்கு உட்பட்டது. பணம் அனுப்பும் வென்மோ செயலியில் நண்பர் பட்டியலை மறைக்க 2021 வரை வழியே இல்லை. அந்த ஆண்டு மே மாதம் இதழாளர்கள் அன்றைய அமெரிக்க அதிபரின் கணக்கைப் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்த பிறகே அந்த வசதி வந்தது.

தன் தளத்தில் இருப்பதைத் தேடுவது

சொந்தத் தளம் வைத்திருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பது. 'ரெல்' என்ற பண்பைத் தேடி, அதன் மதிப்புகளில் எக்ஸ்எஃப்என் சொற்கள் உள்ளனவா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் பட்டி (மெனு) அமைப்பில் இணைப்பு உறவுக்கென ஒரு புலம் இன்றும் உண்டு, திரை விருப்பங்களில் அதை இயக்கினால்தான் கண்ணில் படும். அடுத்து 'எல்டி-ஜேசன்' (ld+json) என்று குறிக்கப்பட்ட துண்டுகளைத் தேடுங்கள். தேடுபொறிக்காகச் சேர்த்த நீட்சிகள் ஆசிரியர் விவரத்தை இவற்றில் எழுதும். உங்களுக்குத் தெரியாமல் எந்தெந்தப் புலம் நிரப்பப்பட்டிருக்கிறது என்பது அப்போது தெரியும். மறுமொழி எழுதியவர்களின் படங்கள் எந்த முகவரியிலிருந்து வருகின்றன என்றும் பாருங்கள். முகவரியின் நடுவில் நீளமான பதினறும எண் இருந்தால் அது பெரும்பாலும் அவர்கள் மின்னஞ்சலின் ஹாஷ். படங்களை உங்கள் வழங்கியிலேயே சேமித்து வேறு பெயரில் காட்டுவது எளிய மாற்று.

பிறகு கோப்புகள். வழங்கியில் விகார்டு, ஜெட்காம், ஃபோஃப் கோப்புகள் மறந்துபோய்க் கிடக்கின்றனவா என்று தேட வேண்டும். குடும்ப மரத்தை நிகழ்நிலையில் காட்டும் மென்பொருள், பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களை மறைத்துவிட்டு, பதிவிறக்கக் கோப்பில் அனைவரையும் கொடுத்துவிடுவது உண்டு. ஜெட்காமில் கட்டுப்பாட்டைக் குறிக்க 'ரெசன்' என்ற குறிச்சொல் இருக்கிறது. 'இரகசியம்' என்று அதில் எழுதலாம். ஆனால் எழுதப்பட்ட தகவல் அதே கோப்பில்தான் கிடக்கும். திறக்கும் மென்பொருள் அந்தக் குறியை மதிக்காவிட்டால் எல்லாம் தெரியும். ஆகவே உயிரோடு இருப்பவர்களை ஏற்றுமதி செய்யும்போதே வெட்ட வேண்டும். இறப்புத் தேதி இல்லாமல், பிறந்து 110 ஆண்டுகளுக்குள் இருப்பவர் எல்லாரும் உயிரோடு இருக்கிறார் என்று கொள்வது பாதுகாப்பான பழக்கம். தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரை அடையாளக் கேள்வியாகக் கேட்கும் நிறுவனங்கள் இன்னும் உள்ளன. மூதாதையரை மட்டும் வெளியிட்டாலும், மகளின் பெயர் தெரிந்தவருக்கு அந்த விடை கிடைத்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உறவை வெளியிட்டே ஆக வேண்டும் என்றால் மூன்று கேள்விகள் போதும். மறுமுனையில் இருப்பவர் இந்தச் சொல்லுக்கு, இந்த இடத்துக்கு, இந்த வடிவத்துக்குச் சம்மதித்தாரா? படிப்பவர்களுக்கு உறவின் வகை உண்மையிலேயே தேவையா, அல்லது வெறும் இணைப்பே போதுமா? இந்தக் கோடு நாளை முறிந்தால், அதை நீக்குவது எதைச் சொல்லும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சங்கடமாக இருந்தால், மாறக்கூடிய உறவைக் குறியாக எழுத வேண்டாம். வாக்கியமாக எழுதுங்கள். அல்லது எழுதாமல் விடுங்கள்.

மென்பொருள் செய்பவர்களின் பொறுப்பு இன்னும் கனமானது. சம்மதத்தைச் சரிபார்ப்பது வெளியிடுவதற்கு முன் நடக்க வேண்டும். 'இரு பக்கமும் சொன்னால்தான் ஏற்போம்' என்ற விதியைப் படிக்கும் நிரலிடம் விட்டால், ஒரு பக்கம் மட்டும் சொன்னதும் ஏற்கெனவே வெளியாகித்தான் இருக்கும். ஆகவே அ கோரிக்கை வைத்து, ஆ ஏற்ற பிறகே பதிவு உருவாக வேண்டும். யார் விலகினாலும் இரண்டு பக்கத்திலும் மறைய வேண்டும். பட்டியலைக் கேட்பவர் யார் என்று கையொப்பத்தால் அறிந்து, அவருக்குத் தெரிய வேண்டியதை மட்டும் கொடுப்பது அடுத்த படி. எல்லாருக்கும் ஒரே கோப்பைக் கொடுக்கும் பழைய முறையில் இது முடியாது. தளத்துக்குத் தளம் வெவ்வேறு அடையாளங்காட்டியைக் கொடுத்தால் ஒட்டும் வேலை கடினமாகும். பொது நண்பர்களைக் கண்டுபிடிப்பது மட்டும் நோக்கமென்றால், இரண்டு தரப்பும் தங்கள் பட்டியலைக் காட்டாமலே பொதுவானவற்றை மட்டும் அறியும் குறியாக்க முறைகள் இருக்கின்றன. சிக்னல் செய்திச் செயலி, 2017-இல் அறிவித்த முறையின்படி, தொடர்புகளைப் பொருத்தும் வேலையை வழங்கியின் பாதுகாக்கப்பட்ட உறைக்குள் செய்து, அந்தப் பட்டியல் தனக்கே தெரியாதபடி அமைத்திருக்கிறது.

ஒருவர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுப்பதே முறை. தொல்லையிலிருந்து ஒதுங்குபவரிடம் விளக்கம் கேட்பது அவரை இன்னொரு முறை வெளிப்படுத்துவதாகும். முதலில் மூலக் கோப்பில் நீக்குங்கள். பிறகு தளத்தின் தற்காலிகப் பிரதிகளையும் ஏற்றுமதிக் கோப்புகளையும் அழியுங்கள். முழுக் கோப்பையே எடுத்தால் அந்த முகவரி '404' தருவதைவிட, நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று பொருள்படும் '410' தருவது தெளிவான செய்தி. அதன்பின் தேடுபொறியின் நீக்கக் கோரிக்கைப் படிவத்தையும், ஆவணக் காப்பகத்தின் விலக்குக் கோரிக்கையையும் அனுப்புங்கள். காப்பகம் பெரும்பாலும் தள உரிமையாளரின் கோரிக்கையைத்தான் கேட்கும். மறுமுனையில் இருப்பவரால் அதை அனுப்ப முடியாமல் போகலாம், எனவே உரிமையாளரே அனுப்ப வேண்டும். அவர் ஒருவருடைய வரி மட்டும் மறைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்குத் தெரியாமலிருக்க, அதே நாளில் அந்தப் பட்டியலின் உறவுக் குறிகள் முழுவதையும் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.